சாம்பல் ஆட்டுக்குட்டி

ஐந்தாம் தீவில் இரண்டாவது மணிச் சத்தம் கேட்டபோது அக்கா முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளை உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்தவள் அவள். தொழிற்சாலை மூடியபின், சலவைக் கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் தயாரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தி படம் வரைகிறவள். "தையல் பாத்த கண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்று அவள்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்தாள். இன்னொருவன் புரோகிராமர். வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம் என்பதால் அவனுக்கு முனிவர் என்று பெயர் வைத்திருந்தாள் ஓவியக்காரி. இரண்டு பேருக்கும் அக்காவின் பிள்ளைகள் வயதுதான். ஆனாலும் முதல் நாளே "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போனது.

அவர்களுடைய கேமில் கதாநாயகன் ஓர் ஆட்டுக்குட்டி. கழுத்தில் மணி. ஏழு தீவுகளில் பாறைக்குப் பாறை தாவி, பிரிந்துபோன மந்தையைத் தேடிப் போக வேண்டும். எல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம் மாதிரியே இருக்க வேண்டும் என்பது அந்த இருவரின் ஆசை. அதனால் ஆட்டுக்குட்டி அட்டைப்பெட்டிகளை ஒட்டிவைத்ததுபோல மூலைமூலையாக இருக்கும். மரங்கள் கூம்புகளாக நிற்கும். பழைய இயந்திரங்களுக்குத் தொலைவில் உள்ளதை வரையச் சக்தி கிடையாது. அந்தக் காலத்துக் கேம்களில் இருபதடிக்கு அப்பால் எதைப் பார்த்தாலும் மூடுபனிதான். இன்றைய இயந்திரம் கடலின் மறுகரை வரைக்கும் வரைந்து தள்ளும். இருந்தும் முனிவர் அந்த மூடுபனியை ஆசை ஆசையாகக் கொண்டுவந்து போட்டிருந்தான்.

அக்காவின் வேலையை விளையாடுவது என்று சொல்வதைவிட விழுவது என்று சொல்லலாம். எந்த விளிம்பைக் கண்டாலும் குதித்துப் பார்ப்பாள். எந்தச் சுவரைக் கண்டாலும் பத்து முறை முட்டிப் பார்ப்பாள். எங்கேயாவது தரை பிளந்து ஆடு உள்ளே போய்விட்டாலோ, சுவருக்குள் சிக்கிக்கொண்டாலோ நோட்டில் நாலு வரி எழுதுவாள்: எந்த இடம், நான் செய்தது, நடந்திருக்க வேண்டியது, நடந்தது. சாயங்காலம் முனிவர் நோட்டைப் புரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"திரும்ப வருதாக்கா?"

திரும்ப வந்தால் அது பிழை. வராவிட்டால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவான். அவனைப் பொறுத்தவரை நோட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை.

அந்த மணிச் சத்தம் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. வெளியே தூறல். ஐந்தாம் தீவு முழுக்கப் பனி. வெள்ளைத் தரை, வெள்ளை வானம். அக்கா தன் ஆட்டுக்குட்டியை ஒரு பாறைமேல் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆடு அசையாவிட்டால் மணியும் அசையாது. ஆனால் மூடுபனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணி கேட்டது. டிங். கொஞ்சம் இடைவெளி. டிங், டிங்.

அவள் அந்தப் பக்கம் போனாள். பனி விலகியது. அங்கே இன்னோர் ஆட்டுக்குட்டி.

அதற்கு நிறமே இல்லை. முழு உடம்பும் அடுப்புச் சாம்பல். கண் இருக்க வேண்டிய இடமும் வாய் இருக்க வேண்டிய இடமும் சப்பையாக, வழவழப்பாக இருந்தன. அது ஒரு பாறையில் போய் முட்டியது. பின்வாங்கி மறுபடி முட்டியது. மறுபடியும். பிறகு தலைதெறிக்க ஓடி, ஒரு காரணமும் இல்லாமல் செங்குத்துச் சரிவிலிருந்து கீழே குதித்தது. மணிச் சத்தம் ஆழத்தில் தேய்ந்து மறைந்தது. அக்கா மூச்சுவிடுவதற்குள் அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, அவளுடைய ஆட்டின் ஊடாகவே நடந்து போனது.

அவள் கேமை மூடித் திரும்பத் திறந்தாள். வந்தது. நாலாம் தீவில் வரவில்லை. ஆறாம் தீவில் வரவில்லை. ஐந்தாம் தீவில் மட்டும் ஒவ்வொரு தடவையும் வந்தது.

நோட்டைத் திறந்து "எந்த இடம்" என்று எழுதினாள். அதற்குமேல் பேனா ஓடவில்லை.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். அக்காவின் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் அது தொடங்கியது. சமையலறை மூலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை என்றாள். "பாவம்டி, அவருக்கும் ஒரு வாய் டீ குடு" என்பாள். "அங்க யாரும் இல்லம்மா" என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆறு வருஷம் கழித்து அதே அம்மா மகளைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

சனிக்கிழமை கண் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா, இந்த வயசுக்கு அருமையா இருக்கு" என்றார். மற்றவர்கள் கேட்டால் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருக்கும் அந்தச் சொல்லே அவளைப் பயமுறுத்தியது. கண் நன்றாக இருந்தால் பிறகு கோளாறு எங்கே?

வீட்டில் கணவர், "என்ன, எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. கேம் முடியப்போகுது, அதான் வேலை ஜாஸ்தி."

"ஆட்டுக்குட்டியை மேய்க்கிறதுக்கா இவ்வளவு களைப்பு?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்த வாரம் சாம்பல் ஆடு புதிதாக ஒன்று செய்யத் தொடங்கியது. முட்டுவதும் குதிப்பதும் இருந்தன. ஆனால் இடையிடையே, ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை, அது வேறு மாதிரி வரும். மெதுவாக நடந்து தீவின் வடகோடிக்குப் போகும். அங்கே தரை முடிகிறது. கீழே வெறும் வெள்ளை. அந்த விளிம்பில் முன்னங்கால்கள் பாதி வெளியே இருக்க அது நிற்கும். குதிக்காது. கொஞ்ச நேரம் கழித்து நாலடி பின்னால் வரும். மறுபடி விளிம்புக்குப் போகும். நிற்கும். திரும்பும். புதன்கிழமை காலையில் அக்கா கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், எண்ணினாள். நாற்பத்து மூன்று தடவை.

முட்டிக் குதிக்கிற ஆட்டைவிட இந்த ஆட்டுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

வெள்ளிக்கிழமை கேம் வெளியாகிறது. அன்றோடு வேலையை விட்டுவிடுவது என்று அவள் முடிவுசெய்திருந்தாள். இங்கேயே இருந்து ஒருநாள் இந்தப் பிள்ளைகளைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்பதைவிட, நினைவோடு இருக்கும்போதே கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனாலும் ஒரு நப்பாசை. அந்தப் புதன்கிழமையே ஓவியக்காரி பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தபோது பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏம்மா, உன் மெஷின்ல அஞ்சாம் தீவைத் திறந்து பாரேன். பனியில ஏதாவது தெரியுதா?"

ஓவியக்காரி போய்ப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஓடிப் பார்த்தாள்.

"பனிதான்க்கா தெரியுது. ஏன்?"

"சும்மாதான்."

அவ்வளவுதான் என்று அக்காவுக்குத் தோன்றியது. கை தானாக நோட்டை மூடியது. அதைக் கவனித்துவிட்டாள் அந்தப் பெண். எழுந்து வந்து நோட்டைத் திறந்தாள். முதல் தீவுக்குப் பதினோரு பக்கம், இரண்டாவதற்கு ஒன்பது. ஐந்தாம் தீவுக்குக் கிட்டத்தட்டக் காலிப் பக்கங்கள். எட்டு நாளாக எல்லாப் பக்கத்திலும் "எந்த இடம்" என்று தொடங்கி நின்றுபோயிருந்தது.

"அக்கா, சட்டையில ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருந்தாக்கூட விடமாட்டீங்க. இது என்னக்கா?"

"நீ சிரிக்கக் கூடாது."

"நான் சிரிச்சா என் காதைத் திருகுங்க."

அக்கா சொன்னாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது அவள் பார்வை கன்ட்ரோலரின் ஒயரிலேயே இருந்தது. கீழே சலவை இயந்திரங்கள் சுற்றுகிற அதிர்வு தரை வழியாகப் பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

ஓவியக்காரிக்கு உண்மையை மறைக்க மனம் வரவில்லை.

"என் மெஷின்ல அது இல்லக்கா. அது நிஜம்."

"தெரியும்மா."

"ஆனா அதனால அது இல்லவே இல்லைன்னு ஆயிடுமா? எங்க நிக்குதுன்னு காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அக்கா, அம்மா மூலையைக் காட்டிய ஆயிரம் தடவையில் ஒரு தடவைகூடத் தான் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா, எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கார்?" என்று கேட்கவில்லையே என்று நினைத்தாள். ஒரு டீ வைத்திருக்கலாம். ஒரு டம்ளர் டீயில் என்ன குறைந்துபோயிருக்கும்? கடவுள் நம்மிடம் மலையைப் புரட்டச் சொல்வதில்லை. பெரும்பாலும் ஒரு முக்காலியை இழுத்துப்போடத்தான் சொல்கிறார். அதைக்கூட நாம் பல நேரம் செய்வதில்லை.

ஐந்தாம் தீவு திறந்தது. வெள்ளைத் தரை, வெள்ளை வானம். டிங்.

ஓவியக்காரியின் கை அக்காவின் முழங்கையைப் பிடித்தது. நகம் அழுந்தியது.

"அக்கா."

"சொல்லு."

"எனக்கும் தெரியுதுக்கா."

மூடுபனியிலிருந்து முகமில்லாத தலை வெளியே வந்தது. பாறையில் முட்டியது. மறுபடி முட்டியது. ஓவியக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். பட்டப்பகலில் பேயைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க முடியாது.

"அது என் ஆடுக்கா" என்றாள் ஓவியக்காரி, குரல் நடுங்க. "நான் செஞ்ச ஆடுதான். வர்ணம் பூசறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும். இதை யாரு இங்க கொண்டுவந்து விட்டது?" பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "டேய் முனிவரே! தவம் போதும், இங்க வா!"

முனிவர் வந்து நின்றான். திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அது அக்காவுக்கு என்னவோபோல் இருந்தது.

"இது நீங்கதான்க்கா" என்றான்.

"நானா?"

"நேத்து நீங்க விளையாடுனது. நேத்தைய ஓட்டத்தையும் இன்னைக்கு ஓட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு போன வருஷம் ஒரு வழி பண்ணினேன். வலது போர்ட்ல கன்ட்ரோலரைச் சொருகினா, நேத்து அந்த மெஷின்ல விளையாடினதுல ஒவ்வொரு துண்டா எடுத்து ஓட்டும். அஞ்சாம் தீவுக்கு மட்டும்தான் போட்டேன். ஒருத்தர் ஆடுற கேம்தானே, வலது போர்ட்டை யாரு தொடப்போறாங்கன்னு அப்படியே விட்டுட்டேன்."

இடது போர்ட் ஆடிப்போய் இணைப்பு விட்டு விட்டு வந்ததால், போன வாரத் திங்கட்கிழமை அக்காதான் கன்ட்ரோலரை வலதுபக்கம் மாற்றிச் சொருகியிருந்தாள்.

பாறையில் முட்டியதும் சரிவில் குதித்ததும் அவளேதான். பிழை தேடுகிறவளைப் பின்னால் நின்று பார்த்தால் பைத்தியம்போலத்தான் தெரியும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

"எட்டு நாளா அக்கா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று பாய்ந்தாள் ஓவியக்காரி. "உனக்குத் தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா? ஏன் சொல்லலை?"

"நோட்டுல வரலையே" என்றான் அவன். "தினம் பாத்தேன். அக்கா எழுதலை. சரி, அவங்களுக்கு இது தொந்தரவா இல்லைபோலன்னு..." நிறுத்தினான். அக்காவின் ஈரமான முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "மன்னிச்சுருங்கக்கா. உங்களுக்கு பயமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

"போகட்டும் விடு" என்றாள் அக்கா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது. கண் சரி. மூளை சரி. பார்த்தது பார்த்ததுதான். ஓவியக்காரி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "நம்ம நிழலைப் பாத்தே பயந்துட்டோம்க்கா" என்றாள். தீவை மூடித் திறந்து அடுத்த துண்டைப் போட்டாள். அதற்கடுத்தது. மூன்றாவதில் சாம்பல் ஆடு மெதுவாக நடந்து வந்தது.

வடகோடி. விளிம்பு. நின்றது. திரும்பியது. மறுபடி போய் நின்றது.

ஓவியக்காரியின் சிரிப்பு தேய்ந்தது. "இங்க என்னக்கா பண்றீங்க?"

சொல்லாமல் விட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். அக்காவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் எட்டு நாள் தன் கண்ணையே நம்பாமல் வதைபட்டவள், நம்பலாம் என்று தெரிந்த மறுநிமிஷமே அது கண்டதை மறைப்பதா?

"இது நான் இல்லை" என்றாள்.

கீழே சலவை இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அறை திடீரென்று அமைதியானது. திரையிலிருந்து மணி மட்டும் கேட்டது.

"விளிம்பைப் பாத்தா நான் குதிச்சிருவேன். அதுதான் என் வேலை. இப்படி நின்னு நின்னு திரும்ப எனக்குத் தெரியாது. மதியம் ஒரு மணிக்கு நான் படிக்கட்டுல உக்காந்து சாப்பிடப் போறேன். இவ பிள்ளைங்களுக்குப் படம் வரையச் சொல்லிக்குடுக்கப் போயிடுறா. உள்ள இருக்கிறது நீ மட்டும்தான்."

முனிவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை அக்கா தினமும் பார்த்திருக்கிறாள். தினமும் வேலைக் களைப்பு என்று நினைத்திருக்கிறாள்.

"என் மேசையில உக்காந்தா வேலை ஞாபகம் வருதுக்கா. அதான் உங்க நாற்காலியில."

"நேத்து நாப்பத்து மூணு தடவை."

"எண்ணுனீங்களா?" அவன் குரல் உடைந்தது. "குதிக்கலைக்கா. ஒரு தடவைகூட."

"தெரியும். அதையும் பாத்தேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினான். ஆறு வருஷமாக இந்தக் கேம்தான். காலையில் எழுந்தால் தீவு, படுத்தால் தீவு. வெள்ளிக்கிழமை அது தன் கையை விட்டுப் போய்விடும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யோசித்தால் எதுவுமே தெரிவதில்லை, வெறும் வெள்ளை. ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. வீட்டில் அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

"மதியம் இங்க வந்து உக்காந்தா நீங்க வருவீங்கக்கா" என்றான். "இந்தச் சாம்பல் ஆடு. கண்ட இடத்துலயெல்லாம் விழுந்து, அடுத்த நொடியே எழுந்து வந்து மறுபடி முட்டும். அதைப் பாத்துட்டு நான் நாலடி பின்னால வருவேன். அதனாலதான் அதை எடுக்க மனசு வரலை."

ஓவியக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அக்கா எழுந்து அவன் எதிரே போய்க் குந்தினாள். மூட்டு சடக்கென்றது.

"என்னைப் பாத்து பயந்தவ நான். என்னைப் பாத்து தைரியப்பட்டவன் நீ. நல்ல கூத்துதான் போ" என்றாள். "முனிவரே, நான் சொல்றதைக் கேளு. அண்ணனை இப்பவே கூப்பிடு. நான் பேசுறேன், நீ பக்கத்துல இரு. சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். எனக்கு இந்த ஊர்ல டாக்டருங்க எல்லாரும் பழக்கம், சும்மாவா எட்டு நாள் பயந்தேன்?"

அவன் சிரித்ததுபோல இருந்தது, அழுததுபோலவும் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னக்கா?"

"எனக்கும் தெரியாது. சனிக்கிழமைன்னு நினைக்கிறேன்."

போனை அவனே எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது மணியிலேயே அண்ணன் எடுத்தான். எடுத்ததும் தம்பியின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டான். அக்கா பேசினாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருக்கும் இடத்தைச் சொன்னாள். அரைமணி நேரத்தில் வருகிறேன் என்றான் அண்ணன்.

"எழுந்திரு" என்றாள் அக்கா. "கீழ வாசல்லயே நிப்போம். மழை விட்டிருக்கு."

முனிவர் எழுந்தான். திரையில் சாம்பல் ஆடு இன்னும் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, முன்னங்கால்கள் பாதி வெளியே. அவன் கால் நகரவில்லை.

"அதை அப்படியே விட்டுட்டா?"

"அது நேத்து நடந்தது. நீ வா."

அவன் கதவருகே குனிந்து ஷூவைத் தேடினான். கயிற்றை ஒருமுறை கட்டினான். அவிழ்ந்தது. மறுபடி கட்டினான். இரண்டு பெண்களும் அவசரப்படுத்தவில்லை. படிக்கட்டின் மேல்படியில், ஆளுக்கு ஒரு பக்கமாக, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.